மட்டக்களப்புக் கதையில் வீடு யாருடையது?

மட்டக்களப்பில் நடப்பதாக எழுதப்படும் கதைகளை வாசிக்கும்போது ஒரு குறை விடாமல் உறுத்துகிறது. இடப்பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கும். கல்லடிப் பாலம் வரும், புளியந்தீவுக் கோட்டை வரும், முட்டித் தயிர் வரும், முழுநிலவில் மீன் பாடும். ஆனால் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு வேறு ஊர்ப் பெயர்களை வைத்தால் கதைக்கு ஒரு சேதமும் வராது. கல்யாணமான பெண் அழுதபடி மாமியார் வீட்டுக்குப் போவாள். தகப்பன் கண்மூடியதும் வளவு அண்ணன் தம்பிக்குள் துண்டாகும். வயலில் பெண்கள் வரிசையாக நின்று நாற்று நடுவார்கள். கடைசியில் சூரியன் கடலில் இறங்கும். இந்த நான்கில் ஒன்றுகூட இந்த ஊரில் இயல்பாக நடக்கிற காரியமல்ல. எழுதியவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தும் இப்படி ஆகிவிடுகிறது. அவர் வாசித்த கதைகளின் ஊர், அவர் வாழ்ந்த ஊரை மேவிவிடுகிறது.

ஊர் ஒரு எழுத்தாளருக்குக் கொடுக்கிற பெரிய சொத்து அதன் கட்டாயங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். எத்தனை மணிக்குப் பிறகு அக்கரைக்குப் போக முடியாது, எந்த மாதத்தில் கையில் காசு புழங்கும், சண்டை வந்தால் வீட்டைவிட்டு யார் வெளியேற வேண்டும், கோயில் பொறுப்பு யாருக்குப் போகும் என்பதையெல்லாம் ஊர்தான் தீர்மானிக்கிறது. கதைமாந்தர் எடுக்கிற முடிவுகள் இந்தக் கட்டாயங்களில் முட்டித் திரும்பவேண்டும். அப்படித் திரும்பினால் வாவியை வர்ணிக்காமலே வாவி கதைக்குள் வந்துவிடும்.

இரண்டு கரையும் ஒரு முகத்துவாரமும்

முதலில் திசை. கடல் கிழக்கே இருக்கிறது. சூரியனும் முழுநிலவும் கடலிலிருந்து எழும். மாலை வெளிச்சம் ஆற்றுக்கு மேலாகப் படுவான்கரைப் பக்கமிருந்து வரும். பின்னேரம் ஐந்தரைக்குக் கல்லடிக் கடற்கரையில் நிற்பவரின் நிழல் கடலை நோக்கி நீளும். வாவியை இங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று நெருக்கமாக ஊர்கள். ஆற்றுக்கு மேற்கே இருப்பது படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர், வெல்லாவெளி. இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் வட்டை, அதாவது வயல்வெளி. நிலச்சொந்தக்காரரான போடியார் எழுவான்கரையில் குடியிருப்பார், அவருடைய வயல் படுவான்கரையில் கிடக்கும், வயலை முல்லைக்காரர் பார்ப்பார். இந்த ஏற்பாட்டில் விதைப்புக்கும் அறுவடைக்கும் ஆண்கள் வாரக்கணக்கில் அக்கரையில் வாடி கட்டித் தங்கினார்கள். வீட்டில் பெண்கள் தனியே இருந்து குடும்பத்தை நடத்தினார்கள். இது பின்னால் வரப்போகும் வீட்டுக் கதைக்கு மிகவும் தேவையான செய்தி.

ஆற்றைக் கடக்கும் வழி, கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்தது. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன் அந்தத் துறையில் பாதை ஓடியது: மிதவைகள்மேல் பலகைத் தளம் போட்டு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் வள்ளம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதைதான். காற்று கடுமையானால் பாதை நிற்கும். இரவு ஒரு நேரத்தோடு நிற்கும். மாரியில் நீர் ஏறி இறங்குதுறையே மூழ்கினாலும் நிற்கும். பிரசவ வலி கண்ட பெண், பாம்பு கடித்த பிள்ளை, அக்கரையில் செத்தவருக்குக் கொள்ளிவைக்க வேண்டியவர் என்று எத்தனையோ கதைகளின் முடிச்சு அந்தத் துறையில் இருந்தது. அதே முடிச்சை 2018இல் நடக்கும் மண்முனைக் கதைக்குப் போட்டால் அவிழ்ந்துவிடும், ஏனென்றால் முச்சக்கரவண்டி சில நிமிடங்களில் பாலத்தைக் கடந்துவிடும். கல்லடியிலும் அப்படியே: பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களே போகலாம், மறுபக்கம் காத்திருக்க வேண்டும். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. காதலர் பேசிக்கொள்ளவும் பகையாளிகள் முகம் பார்க்கவும் கிடைத்த அந்தச் சில நிமிடங்களும் கதாசிரியரின் கையைவிட்டுப் போய்விட்டன.

யுத்த காலத்தில் இதே ஆறு எல்லைக்கோடாக நின்றது. நகரும் எழுவான்கரையும் இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். 2007 வரை அப்படித்தான். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போகிறவர் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறக்க வேண்டும். பற்றரியும் எரிபொருளும் யூரியாவும் தடை அல்லது கட்டுப்பாடு. வெடிமருந்துக்குப் பயன்படும் என்று யூரியாவை மறித்தபோது பயிர் மஞ்சளித்தது, விளைச்சல் குறைந்தது, கடன் ஏறியது. யுத்தக் கதை என்றவுடன் துவக்குச் சத்தத்தில் தொடங்குகிறவர்கள் இந்த யூரியா மூட்டையிலிருந்து தொடங்கலாம். ஒரு குடும்பம் நொடிந்துபோவதற்கு அதில் முழுக் காரணமும் இருக்கிறது.

முகத்துவாரம் இன்னொரு பெரிய கதைக்களம். ஆற்றுக்குக் கடலோடு இரண்டு வாய்கள்: நகரத்துக்குப் பக்கத்தில் பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை தொடங்கினால் மேற்கிலிருந்து வரும் வெள்ளமெல்லாம் ஆற்றில் சேரும், வெளியேற வழியில்லாமல் நீர்மட்டம் ஏறும். முதலில் படுவான்கரையின் பள்ளத்து வயல்கள் போகும், பிறகு வீதிகள், பிறகு ஆற்றோரத்துக் குடியிருப்புகள். அப்போது மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். முழு அகலத்துக்கும் வெட்டத் தேவையில்லை. ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று திறந்தாலே உள்ளே நிற்கும் நீரின் பாரம் மணலை அரித்துச் சில மணித்தியாலங்களில் வாயை அகலமாக்கிவிடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வழக்கு. வெள்ளாமைக்காரருக்கு நேரத்தோடு வெட்டவேண்டும், ஏனென்றால் இளம்பயிர் ஒரு கிழமைக்கு மேல் முழுக மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். ஆற்று மீன்பிடியில் வாழ்பவர் பொறுக்கச் சொல்வார். வாய் திறந்ததும் இறாலும் மீனும் ஓட்டத்தோடு கடலுக்குப் போய்விடும், ஆறும் வற்றிவிடும். நீர்மட்டம் போதாதபோது வெட்டினால் உள்ளிருந்து தள்ளும் வேகம் காணாது, அலை திரும்பவும் மணலைக் கொட்டி அடைத்துவிடும். வெட்டிய செலவு வீண், அடுத்த மழைக்கு வயலும் தாழும். கூட்டம் கூடும், இரண்டு பக்கமும் நியாயம் பேசும். ஒரே குடும்பத்தில் மூத்த மகளின் புருஷன் வெள்ளாமைக்காரராகவும் இளைய மகளின் புருஷன் தோணிக்காரராகவும் இருந்தால் அந்த ஒரு இரவு போதும் ஒரு குறுநாவலுக்கு. வில்லன் தேவையே இல்லை.

வெள்ளாமையின் கணக்கையும் எழுதுகிறவர் கையில் வைத்திருக்க வேண்டும். இங்கே நாற்று நடுகை வழக்கமில்லை, விதைப்புத்தான். மானாவாரி நிலத்தில் மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பார்கள். தண்ணீர் உள்ள வயலில் விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைக்கவைத்து, சேறாக்கி மட்டப்படுத்திய வயலில் கையால் வீசுவார்கள். ஏக்கருக்கு இரண்டு புசல் போதும் என்று அறிவுரை சொல்லும், பயத்தில் மூன்று புசல்வரை போடுகிறவர்கள் உண்டு. விதைத்து இரண்டு மூன்று நாளில் பெருமழை அடித்தால் விதை அள்ளுண்டு ஒரு மூலையில் சேரும் அல்லது அழுகும். திரும்ப உழவேண்டும், திரும்ப விதைநெல் வாங்கவேண்டும். வட்டிக்காரரின் வாசலில் கதைமாந்தர் நிற்கத் தொடங்குவது இந்த இரண்டாவது விதைப்பில்தான். பெரும்போகம் மாசி பங்குனியில் அறுவடையாகும். காசு புழங்குவதும் கடன் அடைவதும் கல்யாணப் பேச்சு எழுவதும் அப்போதுதான். அறுவடை நெருங்கும் நாட்களில் படுவான்கரை வட்டைகளில் யானை இறங்கும், பரண் கட்டி இரவிரவாகக் காவல் இருப்பார்கள். வைகாசி பிறந்து கச்சான் காற்று பிடித்தால் வெக்கை தாங்காது. கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறந்து சடங்கு நடந்து குளிர்த்தியோடு முடிவது அந்த மாதத்தில். கடல் அமைதியாக இருக்கும் அந்தக் காலத்தில் கரைவலை இழுக்கும். மார்கழியில் கரைவலை இழுக்கிற காட்சி வந்தால் கரையோரத்து வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பாடும் மீனை எழுதியே தீரவேண்டும் என்றால் அதற்கும் காலம் உண்டு: மழையும் வெள்ளமும் இல்லாத மாதங்களில், காற்று விழுந்த இரவில், கல்லடிப் பக்கம் தோணியில் போய்த் துடுப்பை நீருக்குள் ஊன்றி அதன் மேல்நுனியில் காதை வைத்தால்தான் கேட்கும் என்பார்கள். பாலத்தில் நடந்து போகிறவரின் காதில் பாட்டுப்போல வந்து விழாது.

வீடு

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம். இந்த ஊர்க் கதைகளின் அச்சாணி வீடு. வீடு பெண்ணுடையது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. குடி என்கிற குலப் பிரிவு தாய்வழியாக வருகிறது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி, ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் பொறுப்பும் குடிகளின்படி பகிரப்பட்டவை. தகப்பனும் மகனும் வெவ்வேறு குடி என்பதால், பழைய முறைப்படி ஒரு வண்ணக்கரின் பொறுப்பு அவருடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். தான் தோளில் தூக்கி வளர்த்த மகன் கூட்டத்தில் நிற்க, மருமகன் முன்வரிசைக்கு வருவதைப் பார்க்கிற தகப்பனின் மனம் எப்படியிருக்கும்? இந்த ஒரு இடத்தை வைத்து எத்தனை கதை எழுதியிருக்க வேண்டும் நாங்கள்.

இந்தத் தாய்வழி உரித்தைச் சொன்ன பழைய முக்குவர் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றத்தில் செல்வாக்கிழந்தது. ஆனாலும் வழக்கம் சீதனத்தின் வழியாகத் தொடர்ந்தது. நடைமுறை இதுதான்: மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் தாய் தகப்பன் இருக்கிற வீட்டை நொத்தாரிசிடம் போய் அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். அடுத்த மகள் வளர வளர அதே வளவில் ஒரு பக்கத்தில் அத்திவாரம் வெட்டுவார்கள். அந்த வீடு முடிந்தால் தாய் தகப்பன் அங்கே மாறுவார்கள், பிறகு அதுவும் இரண்டாவது மகளுக்குப் போகும். நாற்பது பேர்ச் வளவு நான்கு பெண்களுக்குப் பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரியும். கடைசி மகளோடு தாய் தகப்பன் முடிவார்கள். ஆண்பிள்ளைகள் தங்கச்சிமாரின் வீடு எழும்பும்வரை உழைத்துக் கொட்டிவிட்டு, தாங்கள் கட்டாத இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவார்கள். ஆகவே ஒரு ஒழுங்கையில் அக்காள் தங்கச்சிமார் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பார்கள், அவர்களின் புருஷன்மார் வந்து சேர்ந்தவர்கள். பிள்ளைகளைச் சித்தியும் பெரியம்மாவும் சேர்ந்து வளர்ப்பார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை மாமியாரும் மச்சாள்மாரும் படலைக்கு வெளியே நிறுத்த முடியும். அதனால் அடி இல்லாமல் போனது என்று சொல்லவில்லை; போக்கிடம் தேடவேண்டியவர் யார் என்பது மாறிவிடுகிறது. கதையின் திருப்பமே அதில் இருக்கிறது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகும் மனைவியைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் வேறெங்கோ நடந்த கதை. இங்கே கோபித்துக்கொண்டு போகிறவர் புருஷன், போவது தன் தாய் இருக்கும் தங்கச்சியின் வீட்டுக்கு, அங்கும் அவர் விருந்தாளிதான்.

யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டே என்று கேட்கலாம். ஒரு சட்ட வித்தியாசம் கதையையே மாற்றும். அங்கே தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் மணமான பெண் தன் காணியை விற்கப் புருஷனின் சம்மதம் வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது; அவள் தனியே போய்க் கையெழுத்து வைத்துத் தன் வீட்டை விற்கலாம். வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு வேண்டும் என்று புருஷன் நச்சரிக்கிற கதையை இரண்டு ஊரிலும் நடத்திப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும், மட்டக்களப்பில் பேனை அவள் கையில் மட்டும். அவள் மறுத்தால் கதை நிற்கும், அவள் சம்மதித்தால் பழி அவளுடையது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. படுவான்கரையிலும் அம்பாறைக் குடியேற்றங்களிலும் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் ஆண் வாரிசை முன்னே நிறுத்தியது. அந்த ஒழுங்கு திருத்தப்பட்டது 2022இல். ஆக ஒரே குடும்பத்தில் கரையோரத்து வீடு தாயிடமிருந்து மகளுக்கும், அக்கரை வயல் தகப்பனிடமிருந்து மகனுக்கும் போனது. அக்காள் வீட்டில் தம்பி சாப்பிடுவான், தம்பியின் வயல் நெல்லை அக்காள் அவிப்பாள். இருவரில் ஒருவர் கல்யாணம் முடித்து வந்தவரின் பேச்சைக் கேட்கத் தொடங்கினால் சோறும் நெல்லும் இரண்டாகும்.

இந்த வீடுகளின் கதை 2004 டிசம்பர் 26இல் சுனாமியோடு திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடி கிட்டத்தட்ட முழுவதுமாகப் போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றது. அந்தக் காலையைப் பற்றிக் கவிதையும் கதையும் நிறைய வந்துவிட்டன. அலையைப் பற்றி எழுதாதவர் குறைவு. அலைக்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டு நடந்ததைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். மற்றப் பக்கங்களில் அது 100 மீற்றர். நாவலடி மக்கள் ஆற்றுக்கு அப்பால் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். புதிய வீட்டின் அளவு 500 சதுர அடி. அதற்கு நிரப்பவேண்டிய படிவத்தில் குடும்பத் தலைவரின் பெயர் என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியை ஊர் அதுவரை கேட்டதில்லை. கரையில் மூழ்கிய வீடு மனைவியின் பெயரில் இருந்தது, அவளுக்கு அவள் தாய் கொடுத்தது. அரச காணியில் எழும்பிய புது வீடு, பல இடங்களில், புருஷனின் பெயரில் எழுதப்பட்டது. யாரும் திட்டமிட்டுப் பறிக்கவில்லை. படிவத்தைத் தயாரித்தவர்களுக்குக் குடும்பத் தலைவர் என்றால் ஆண், அவ்வளவுதான். விளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மனைவி அலையில் போன குடும்பத்தில் புருஷன் மறுமணம் செய்தால், செத்தவளின் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய தாய்வீடு இப்போது புதிதாக வந்தவளின் வீடு. முன்பு அப்படியாகாது, அந்த ஆண் புது மனைவியின் வீட்டுக்குப் போயிருப்பார், பிள்ளைகள் அம்மம்மாவோடும் சித்தியோடும் அதே வளவில் வளர்ந்திருக்கும். வீடுகள் இலக்கப்படி ஒதுக்கப்பட்டபோது அக்காள் ஒரு வரிசையில், தங்கச்சி வேறு வரிசையில். அடிக்கிற சத்தம் கேட்டு ஓடிவரப் பக்கத்தில் சொந்தம் இல்லை. 500 சதுர அடி வீட்டைச் சுற்றி இன்னொரு அத்திவாரம் வெட்ட இடம் போதாததால், மகள் வளர்ந்ததும் அவளுக்கு எங்கே வீடு கட்டுவது என்ற கேள்வி பத்து வருஷத்துக்குப் பிறகு எழுந்தது. கடல் தொழிலாளியோ விடியப்புறம் ஆற்றைச் சுற்றிக் கடற்கரைக்கு வரவேண்டும். வலையை எங்கே வைப்பது, யார் காவல் என்பது அடுத்த செலவு.

ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய பொருள் என்ன வேண்டும்? பல தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த ஒன்று, பேனையால் எழுதிய ஒரு பெயரால் கைமாறிவிட்டது, வீடு கிடைத்த சந்தோஷத்தில் பலர் அதைக் கவனிக்கவும் இல்லை. அலையை எழுதினால் ஒரு அத்தியாயம் வரும். இந்தப் படிவத்தை எழுதினால் ஊரின் நூறு வருஷமும் கூடவே வரும்.

காது

பேச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். யாழ்ப்பாணத்து ‘என்ரை’ இங்கே ‘என்ட’. ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’, ‘முடியாது’ என்பதற்கு ‘ஏலா’. ‘இஞ்ச வாகா’ என்று கூப்பிடும் குரலில் உள்ள நெருக்கத்தை ‘இங்கே வா’ தராது. தமிழ்க் குடும்பத்தில் அக்கா, அண்ணன்; முஸ்லிம் குடும்பத்தில் ராத்தா, காக்கா, உம்மா, வாப்பா. இதெல்லாம் தெரிந்தவர்களும் ஒரு தவறைச் செய்கிறார்கள்: படித்தவர் பேச்சை எழுத்துத் தமிழிலும் வயல்காரர் பேச்சை மட்டும் வட்டார வழக்கிலும் எழுதுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால் அதிபரும் ‘மறுகா’ என்றுதான் சொல்வார். பாடசாலையில் ஒன்று, வீட்டில் ஒன்று, அக்கரையில் இன்னொன்று என்று ஒருவரே மூன்று விதமாகப் பேசுவதைக் காட்டினால் அந்த மனிதர் எழுந்து நடமாடுவார்.

இந்தக் காது பலருக்கு வந்தது ஆசிரியத் தொழிலால். பெரியநீலாவணையில் பிறந்து இந்த மண்ணின் வயல்வாழ்வைக் காவியமாகப் பாடிய நீலாவணன் ஆசிரியர். மருதூர்க்கொத்தன் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மட்டக்களப்பில் கற்பித்த எஸ். பொன்னுத்துரையும் ஆசிரியர். முதல் நியமனம் தூரத்துக் கிராமத்தில் கிடைக்கும், கிழமை நாட்களில் அங்கேயே தங்கவேண்டும், பின்னேரங்களில் கூத்துக் களரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிக்கொடுப்பதைக் கேட்கவேண்டும். வேறு ஊர்ப் பேச்சு காதில் ஏற இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பரீட்சைத்தாள் திருத்தும் வேலைக்கும் அடுத்த இடமாற்றத்துக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதியதால்தான் கிழக்கில் சிறுகதையும் கவிதையும் பெருகி, நாவல் பின்தங்கியது என்பது என் எண்ணம். விடுமுறைக்குள் முடிகிற அளவுக்கே எழுதினார்கள்.

ஊர்கள் அடுத்தடுத்து இருப்பதும் காதைப் பழக்கும். மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஒரே வீதியில் காத்தான்குடி தாண்டினால் ஆரையம்பதி, பெரியநீலாவணை தாண்டினால் நெசவுக்குப் பெயர்போன மருதமுனை, பிறகு பாண்டிருப்பு, கல்முனை. கோயில் மணியும் பாங்கும் மாறிமாறிக் கேட்கும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இந்தத் தெற்குப் பகுதியும் மட்டக்களப்பு மாவட்டமே என்பதை ஐம்பதுகளில் நடக்கும் கதையை எழுதுகிறவர் மறக்கக்கூடாது. 1990ஐயும் தாண்டிப்போக முடியாது. அந்த ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்றை எழுதி மற்றதை விடுகிற கதைகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன, அவை எனக்கு வருத்தம் தருகின்றன. அதற்கு மருந்தாக இரண்டையும் சம எடையில் நிறுத்துச் சொல்லும் கதையும் வேலைக்காகாது. முல்லைக்காரருக்கும் போடியாருக்கும், தயிர்க்காரிக்கும் கடைக்காரருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அந்த ஆண்டில் எப்படி நின்றது, பாக்கியாக நின்ற காசை யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள், எவர் அனுப்பவில்லை என்று எழுதினால் உண்மை தானாகவே வெளியே வரும்.

எழுதத் தொடங்குகிறவருக்கு வழிகாட்டி நூல் வேண்டுமென்றால் வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இருக்கிறது. அதற்கு மேல் சில காரியங்களைக் கேட்டு அறியவேண்டும். கதை நடக்கும் வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கிறது, அது நன்கொடை உறுதியா, அனுமதிப்பத்திரமா, சுனாமிக்குப் பிறகு வந்த ஒதுக்கீடா? தாய் தகப்பன் சாகும்வரை குடியிருக்கும் உரித்தை அதில் எழுதி வைத்தார்களா? வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை எந்தக் கரைக்காரர்? சூறாவளிக்கு முன் கட்டியதா, பின் கட்டியதா? 1978 நவம்பர் 23 இரவு கூரையும் தென்னையும் போன பிறகு எழுந்த வீடுகளின் வயதை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இவற்றுக்கு விடை தெரிந்தால் கதையில் பாதி எழுதி முடிந்த மாதிரி.

இன்று அந்த வீடுகளில் பல, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த தாய்மாரின் காசில் எழும்பியவை. மகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது போனவர், இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து ஒருக்கா வந்து அத்திவாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போவார். அடுத்த முறை வரும்போது சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கும், அதற்கடுத்த முறை கூரை. அனுப்பிய காசு சீமெந்துக்குப் போனதா சாராயத்துக்குப் போனதா என்பதை அவர் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் அறியவேண்டும், தங்கச்சி உண்மையைச் சொல்வாளா என்பது அவர்களுக்குள் இருக்கும் பழைய கணக்கைப் பொறுத்தது. வீடு முடிந்ததும் அது மகளின் பெயருக்குப் போகும், அவர் வந்து தங்குவது கடைசி மகளோடு. அந்தத் தாய், தங்கச்சி, மகள் மூவரையும் வைத்து ஒரு நாவல் இந்த ஊரிலிருந்து வரவேண்டும். அதைப் படுவான்கரையில் வளர்ந்த ஒரு பெண் எழுதினால் இன்னும் நல்லது. கொத்தன் கூலியும் மண் லோட்டின் விலையும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.